வீட்டுப் பணி இழுக்கும்போது: குமரி மாவட்டத்தில் பழைய வீட்டைப் புதுக்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தக்கலைக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. பின்கட்டை இடித்து அடுக்களையும் இரண்டு கழிப்பறைகளும் கான்கிரீட்டில் போட வேண்டும், முன்பக்க ஓட்டைப் பிரித்து மாற்ற வேண்டும், பிறகு தரை, வயரிங், பெயின்ட். ஈஸ்டர் கழிந்ததும் தொடங்கினோம். "ஓணத்துக்குள்ள முடிச்சுத் தாறேன் அண்ணே" என்றார் மேஸ்திரி. முடியும்போது தை பிறந்திருந்தது.

நாலு மாதக் கணக்கு ஒன்பது மாதமானது. மீதி ஐந்து மாதத்தை யார் தின்றது என்று பிறகு நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். மழை கொஞ்சம், பணிக்காரர்கள் கொஞ்சம், நாங்கள் நிறைய. அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். குடியிருந்துகொண்டே வீட்டைப் புதுக்குபவர்களுக்கு அதிகம் பயன்படும்.

முதல் படி: காத்திருப்பை இரண்டாகப் பிரியுங்கள்

ஆள் வராத நாளெல்லாம் வீணான நாள் என்று நினைத்துத்தான் முதல் இரண்டு மாதம் நான் ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொண்டேன். உண்மையில் சிமென்டுக்கு வேண்டிய நாள் வேறு, மனிதர்கள் கடத்தும் நாள் வேறு. இரண்டாவதைக் குறைக்க வழி உண்டு. முதலாவதில் கை வைத்தால் பத்து வருடம் கழித்து வீடு பழி வாங்கும்.

சிமென்டின் கணக்கு இது. சாதாரண ஓபிசி சிமென்டில் போட்ட கான்கிரீட்டை 7 நாளாவது நனைத்து வைக்க வேண்டும். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கான்கிரீட் கூரைத் தட்டுக்கு அடியில் கொடுத்த முட்டு, நாலரை மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 15 அடிக்கு உட்பட்ட அகலம் என்றால் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். இது ஓபிசிக்கு உள்ள கணக்கு. பிபிசி மெதுவாகத்தான் இறுகும், அதனால் எங்கள் பக்கம் நல்ல கொத்தனார்கள் இரண்டு மூன்று வாரம் விடுவார்கள். கான்கிரீட்டின் முழு பலத்தைக் கணக்கிடுவது 28-வது நாளில். சுவர்ப் பூச்சை ஒரு வாரம் நனைக்க வேண்டும், பிறகு புட்டி வைக்குமுன் மூன்று நாலு வாரம் காய விட வேண்டும். கழிப்பறைத் தரையில் நீர்க்கசிவுத் தடுப்பு பூசி, அது காய்ந்த பிறகு தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். டைல்ஸ் பதித்தால் ஒரு நாள் அதில் யாரும் மிதிக்கக் கூடாது.

இதையெல்லாம் கூட்டினால், ஒருவரும் ஏமாற்றாமல் ஒழுங்காகப் பணி செய்தால்கூட ஒரு சின்னக் கழிப்பறைக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிடும். மேஸ்திரி "பத்து நாள்ல கக்கூஸ் ரெடி" என்று சொன்னால் அவர் இதில் எதையோ விடப்போகிறார் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் கான்கிரீட் போட்ட ஐந்தாம் நாளே முட்டுகளைப் பிரிக்க ஆள் வந்தது. சென்ட்ரிங் தகடுக்கு நாள் வாடகை, அடுத்த வீட்டில் தகடு வேண்டும், அதுதான் அவசரம். ஏற்கெனவே பணி பிந்திக் கிடந்ததால் நானும் சரி என்று தலையாட்டப் போனேன். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து போட்ட சத்தத்தில்தான் அது நின்றது. கூடுதல் வாடகையை நானே கொடுத்தேன். மொத்தச் செலவில் அது ஒன்றுமே இல்லை.

இரண்டாம் படி: மழையையும் திருவிழாவையும் முன்கூட்டியே நாள்காட்டியில் குறியுங்கள்

மதுரைக்காரர் எழுதிய அட்டவணை நமக்கு உதவாது. இங்கே இரண்டு மழை. மே கடைசியில் தொடங்கும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) விளவங்கோடு, கல்குளம் பக்கம் நின்று பெய்யும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை வரும். ஓட்டைப் பிரிப்பது, தட்டு வார்ப்பது, வெளிச்சுவர்ப் பெயின்ட் ஆகிய மூன்றையும் தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வயரிங், உள்பூச்சு, டைல்ஸ், தச்சுப் பணி எல்லாம் மழைக்காலத்திலும் ஓடும். நான் சித்திரையில் இடித்து, இடவப்பாதியில் கூரை இல்லாமல் நின்றேன். அந்தத் தவறுக்கு மட்டும் ஆறு வாரம்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் பிரச்சினை வேறு. கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் புதுக் கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும், மேலே மயிரிழை வெடிப்பு விழும். வெயில் தாழ்ந்த பிறகு வார்த்து, இறுகத் தொடங்கியதும் நனைத்த சாக்கு போட்டு மூட வேண்டும். தார்ப்பாயைச் சும்மா கல் வைத்து அமுக்கினால் போதாது, கயிறு போட்டுக் கட்ட வேண்டும்.

பழைய ஓட்டைப் பிரிக்கும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: சாயங்காலத்துக்குள் மூட முடிகிற அளவுக்கு மட்டுமே காலையில் திறக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து விடுமுறை. மாசியில் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம், அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காட்டுக் கொடை. பிறகு பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் வரை. ஓணம். நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3-ல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா. மார்கழியில் சுசீந்திரம் தேர். கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை இந்த மாவட்டத்தில் ஒரு கொத்தனாரையும் எதிர்பார்க்காதீர்கள். இவை போக ஒவ்வொரு ஊர்ப் பங்குத் திருவிழாவும் அம்மன் கொடையும் உண்டு. உங்கள் மேஸ்திரி எந்த ஊர் என்று கேட்டு அந்த ஊர்த் திருவிழாவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே இருந்து வந்த பணிக்காரர்கள் துர்கா பூஜை, சத் பூஜை, ஹோலி, தேர்தல் ஆகியவற்றுக்கு ஊருக்குப் போவார்கள். அசாமில் உள்ள திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் ஓடும் தூரம் 4,000 கிலோமீட்டருக்கு மேல். போகவர மட்டுமே ஒரு வாரம் ஆகும், அதனால் "பத்து நாள்ல வந்திருவாங்க" என்பதை ஒரு மாதம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஆள் ஏன் காணாமல் போகிறது என்று புரிந்துகொண்டு பணத்தைப் பிரியுங்கள்

ஒரு மேஸ்திரி ஒரே நேரத்தில் மூன்று நாலு இடத்தில் பணி எடுத்திருப்பார். கையில் இருப்பது ஒரு செட் ஆள்தான். புது இடத்தில் வாங்கும் அட்வான்ஸ் பழைய இடத்தின் கூலிக்குப் போகும். எங்கே பணம் வர இருக்கிறதோ, எங்கே வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறாரோ, அங்கே ஆள் போகும். இதற்கு மேல், எல்லை தாண்டினால் கேரளத்தில் சம்பளம் கூடுதல். களியக்காவிளையில் காலை பஸ்ஸைப் பார்த்தாலே தெரியும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, கணக்குதான்.

அதனால் பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். நான் முதலில் மொத்தத்தில் பாதியை அட்வான்சாகக் கொடுத்தேன், அது போன வழி தெரியவில்லை. பிறகு வேறு விதமாக எழுதினோம்: இடிப்பும் அஸ்திவாரமும் முடிந்ததும் இவ்வளவு, தட்டு வார்த்ததும் இவ்வளவு, பூச்சு முடிந்ததும் இவ்வளவு. கடைசி 10 சதவீதத்தை எல்லாம் முடிந்த பிறகும் கையில் வைத்துக்கொள்வது. தொடக்க அட்வான்ஸ் முதல் கட்டத்தின் சாமானுக்கும் ஒரு வாரக் கூலிக்கும் போதுமானதாக இருந்தால் சரி.

நாள் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் பணி இழுப்பதன் செலவு உங்கள் தலையில். கான்ட்ராக்ட் என்றால் இழுப்பதால் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை, அதனால் உங்கள் பணியை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். தாமதத்துக்கு அபராதம் எழுதலாம், ஆனால் நம் ஊரில் அதை வசூலித்தவரை நான் பார்த்ததில்லை. ஒரு கட்டத்தைச் சொன்ன நாளில் முடித்தால் செட்டுக்கு ஒரு தொகை கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் டைல்ஸ் பணி மட்டும்தான் நேரத்துக்கு முடிந்தது, அதற்கு மட்டும்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். என்ன பணி, எந்தக் கம்பெனி சாமான், யார் வாங்குவது, எந்தக் கட்டத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று இருந்தால் போதும்.

நான்காம் படி: உங்களால் வரும் தாமதத்தை நிறுத்துங்கள்

இதைத்தான் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. என் நோட்டின்படி எங்கள் ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் எங்கள் கணக்கு. அடுக்களை மேடையை அம்மா இரண்டு முறை இடம் மாற்றினார். சுவர் பூசிய பிறகு ஒரு ஜன்னல் வேண்டும் என்று தம்பி மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் சொன்னான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் "இது சின்ன பணிதானே" என்றோம். மாற்றம் வந்தால் அன்றே நோட்டில் எழுதுங்கள்: எத்தனை நாள் கூடும், எவ்வளவு பணம் கூடும். எழுதத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் பாதி ஆசைகள் தானாக அடங்கிவிட்டன.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் ஒரே ஒருவரிடம் முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். மாமா ஒன்று சொல்ல, அப்பா வேறொன்று சொன்னால் மேஸ்திரி மூன்றாவது ஒன்றைச் செய்வார். ஒரு மாத லீவில் வருகிறவர்கள் அதற்குள் முழு வீட்டையும் முடிக்க நினைக்காமல், டைல்ஸ் தேர்வு, சுவிட்ச் எங்கே, குழாய் எங்கே என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியதை மட்டும் முடித்துவிட்டுப் போகலாம்.

சாமானில் சீக்கிரம் சொல்ல வேண்டியது மரம். அயனியோ தேக்கோ பலாவோ, அறுத்த உடனே நிலை செய்தால் மழை கழிந்து வெயில் வந்ததும் கதவு கோணும். சுவரை இடிக்கும் முன்பே ஆசாரியிடம் அளவு கொடுத்து மரத்தை அறுத்துக் காய வைத்துவிடுங்கள். பழைய வீட்டின் கழுக்கோலையும் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) பலகையையும் திரும்பப் பயன்படுத்துவது நல்லதுதான், ஆனால் ஆணி பிடுங்கித் தேய்த்துச் சீராக்கும் கூலியையும் நாளையும் சேர்த்துப் பாருங்கள்.

டைல்சை மொத்தமாக வாங்குங்கள், 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக. பெட்டியில் உள்ள பேட்ச் எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் நிறம் ஒரு பொட்டு மாறி வரும். எம்-சாண்டும் ஜல்லியும் குவாரி, டிப்பர் பிரச்சினை வந்தால் நின்றுவிடும், ஒரு லோடு முன்கூட்டியே கிடக்கட்டும்.

சிமென்டை மட்டும் அப்படிச் சேர்க்காதீர்கள். மூன்று மாதம் கிடந்தால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும், நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் வேகமாக. தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் பலகை போட்டு, சுவரை விட்டு ஓர் அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், தார்ப்பாய் மூடி வையுங்கள். விரலால் நசுக்க முடியாத கட்டி இருந்தால் அந்த மூட்டையைக் கான்கிரீட்டுக்கு எடுக்க வேண்டாம்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. உள்ளே பூசுவது, தரை மாற்றுவது வேறு, புதிதாக அறை கூட்டுவதும் மாடி எடுப்பதும் வேறு. பின்னதற்கு உள்ளாட்சியில் அனுமதி வாங்காமல் தொடங்கினால், நோட்டீஸ் வந்து பணி நிற்பதைப் போன்ற தாமதம் வேறில்லை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம்.

ஐந்தாம் படி: பணி நடக்கும் வீட்டில் வாழ ஏற்பாடு

எத்தனை மாதம் இழுத்தாலும் ஒரு கழிப்பறையும் ஓர் அடுப்பும் ஓட வேண்டும். இரண்டு கழிப்பறையையும் ஒரே நேரத்தில் இடிக்க விடாதீர்கள். "ஒரே இடிப்பா இடிச்சா லாபம்" என்பார்கள், லாபம் அவர்களுக்கு. வடக்குச் சாய்ப்பில் ஒரு மேடை, ஒரு குழாய், ஒரு சிலிண்டர் வைத்து நாங்கள் தற்காலிக அடுக்களை போட்டோம். "மக்களே, அடுக்களை எப்பம் முடியும்?" என்று அம்மா தினமும் கேட்பார். ஆனால் ஒரு நாளும் வீட்டில் சோறு நிற்கவில்லை.

கிணற்றை மூடி வையுங்கள், சிமென்டுத் தூசி விழும். பழைய வயரிங்கைப் பிரிக்கும் இடத்துக்கு மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, டிரில்லும் கட்டரும் ஓடும் பாயின்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள், மழையில் ஈரக்கையோடுதான் வேலை நடக்கும். அடுக்கிய ஓட்டுக்கும் செங்கலுக்கும் இடையில் பாம்பு குடியேறும். வீட்டை ஒட்டி அடுக்காமல் தள்ளி அடுக்குங்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் பின்பக்கம் போகாதீர்கள். வாடகை வீட்டுக்குப் போவதாக இருந்தால், இரண்டு மூன்று மாதம் கூடுதலாக இருக்க நேரலாம் என்று முதல் நாளே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

ஆறாம் படி: பணி நின்றுவிட்டால்

முதல் மூன்று நாள் ஒன்றும் செய்ய வேண்டாம். காய்ச்சலோ, கல்யாணமோ, சாவோ இருக்கும்.

நாலாம் நாள் போன் செய்யுங்கள். "எப்ப வருவீங்க?" என்று கேட்டால் "நாளைக்கு வாறேன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. நான் கேள்வியை மாற்றினேன். "அடுத்து என்ன பணி? அதுக்கு என்ன சாமான் வேணும்? எத்தனை ஆள்?" இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அவர் மனதில் உங்கள் வீடு திரும்ப வந்துவிடும். சில சமயம் உண்மைக் காரணமும் வெளியே வரும்: கம்பி வளைப்பவர் கிடைக்கவில்லை, அல்லது பிளம்பர் குழாய் போடாததால் அவர் பூச முடியாமல் நிற்கிறார்.

ஒரு வாரம் ஆனால் நேரில் போங்கள், காலை ஏழு மணிக்கு முன், அவர் டீ குடிக்கும் இடத்துக்கு. பத்து பேர் முன் மானத்தை வாங்காதீர்கள். ஓரமாகக் கூப்பிட்டு, எந்த நாளில் எந்தக் கட்டம் என்று பேசி, அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். பிறகு அதுவே சான்று.

இந்த இடைவெளியில் நீங்கள் செய்ய வேண்டியவை உண்டு. பூசிய சுவருக்குத் தண்ணீர் விடுங்கள், அதற்கு மேஸ்திரி வேண்டாம். நீட்டி நிற்கும் கம்பிக்குச் சிமென்டுக் கரைசல் பூசுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஒரே மாதத்தில் துருவைக் காட்டும். மறுபடி பணி தொடங்கும்போது உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட வேண்டும். பூசாத சுவரில் ஓடும் குழாயையும் வயர் பைப்பையும் டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள். குழாயில் தண்ணீர் ஏற்றிக் கசிவு பார்ப்பது, பழைய மரத்துக்குக் கறையான் மருந்து அடிப்பது எல்லாம் இப்போதே முடியும்.

ஏழாம் படி: பிரிய வேண்டி வந்தால்

சொன்ன தேதி மூன்று முறை தவறி, ஒரு மாதம் ஆளே வரவில்லை என்றால் வேறு ஆள் பார்க்கலாம். அதற்கு முன் ஓர் இன்ஜினியரைக் கூட்டி வந்து, மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு, முடிந்த பணியை அளந்து எழுதுங்கள். கொடுத்த பணம், மீதிப் பணம், அங்கே கிடக்கும் சாமான் எல்லாம் அந்தத் தாளில் வரட்டும். இதைச் செய்யாமல் புது ஆளை இறக்கினால் சண்டைதான். புதிதாக வரும் மேஸ்திரி முதல் பத்து நிமிடம் "இதை யாரு கெட்டினது?" என்று தலையில் அடித்துக்கொள்வார். அது சடங்கு, பதறி எல்லாவற்றையும் இடிக்கச் சொல்லாதீர்கள்.

பணம் வாங்கிவிட்டுக் கைவிட்ட கான்ட்ராக்டர் என்றால் நுகர்வோர் சட்டம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். சரியாகவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். குறை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கையெழுத்துத் தாள், வங்கி வழி கொடுத்த பணத்தின் கணக்கு, வாட்ஸ்அப் செய்தி, தேதியுள்ள போட்டோ ஆகியவை வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து எதையும் எழுதி வாங்காதவர்கள் அங்கே திணறுவார்கள்.

எங்கள் மேஸ்திரியோடு நாங்கள் பிரியவில்லை. இரண்டு முறை பிரியும் அளவுக்குப் போய்த் திரும்பினோம்.

எட்டாம் படி: பால்காய்ப்புக்கு நாள் குறிப்பது

பெயின்ட் இரண்டாம் கோட் முடிந்து, கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டும். நாள் பார்த்து முன்பே அடித்துவிட்டால் அந்த நாளுக்காக ஈரச் சுவரில் புட்டி ஏறும், ஆறு மாதத்தில் செதில் செதிலாக விழும். ஜோசியரிடம் ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள் கேட்டு வாங்கி வையுங்கள்.

முடிந்ததும் வீடு முழுக்க நடந்து குறைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: சாத்தாத கதவு, தண்ணீர் தேங்கும் மூலை, ஆடும் சுவிட்ச். கையில் வைத்த 10 சதவீதத்தில் பாதியை அவை தீர்ந்ததும் கொடுக்கலாம், மீதியை முதல் பெருமழை வரை நிறுத்தலாம். இதையும் தொடக்கத்திலேயே தாளில் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் தையில் முடித்து, இடவப்பாதி வரை வைத்திருந்தோம். ஜூன் முதல் வாரத்தில் ஓட்டுக் கூரையும் கான்கிரீட் தட்டும் சேரும் மூலையில் ஒழுகியது. ராத்திரி போன் செய்தேன். காலை ஏழரைக்கு மேஸ்திரி ஏணியோடு வாசலில் நின்றார்.